ஆறாவது படத்தின் கறுப்பு

மயிலாப்பூர்
7 பிப்ரவரி 1999

அன்புள்ள மணிமொழிக்கு அப்பா எழுதுவது.

முந்தாநாள் முழுக்க நான் உதட்டில் கறுப்பு மையோடு ஊர் சுற்றியிருக்கிறேன். கடைக்கு வாங்கிய புதுப் பிரிண்டருக்குத் தாள் போடும்போது எது மை பிடிக்கிற பக்கம் என்று தெரியவில்லை. பக்கத்துப் பேப்பர் கடை ஷரீஃப் பாய், "மூலையை உதட்டுல வெச்சுப் பாருங்க ரகுபதி. ஒட்டினா அதான் மேல் பக்கம்" என்றார். வைத்தேன். நன்றாகவே ஒட்டியது. நான் எடுத்தது அப்போதுதான் பிரிண்ட் போட்டு வைத்த தாள் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அந்த உதட்டோடு பாங்குக்குப் போனேன். ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குப் பத்திரிகை புரூஃப் காட்டினேன். குளத்தங்கரையில் உன் மாமாவைப் பார்த்து அரசியல் பேசினேன். மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரே ஒழிய ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாதான், "இன்னா இது, பேனாவைக் கடிச்சிக்கினு பரீட்சை எழுதிட்டு வர்றீங்களா?" என்றாள்.

இவ்வளவும் உன் படங்களுக்காகத்தான். உன் சிநேகிதி வர்ஷினி போன வாரம் கடைக்கு வந்தாள். ஏப்ரலில் அடையாறில் ஐந்தாறு பேர் சேர்ந்து படக் கண்காட்சி வைக்கிறீர்களாமே. பவர் கட் நேரத்தில் நீ எடுத்த ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் இருக்கிறதாம். எங்கே பிரிண்ட் போடுவது என்று என்னிடம் விலாசம் கேட்டாள். நான் விலாசம் சொல்லவில்லை, படங்கள் இருந்த சி.டி.யை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மகள் படத்தை வெளியில் கொடுத்துப் போடுவதற்கா அப்பன் 'மணிமொழி ஜெராக்ஸ்' என்று போர்டு மாட்டியிருக்கிறான்?

முதல் படம் போட்டேன். நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா, தலைக்கு மேல் பெட்ரோமாக்ஸ். உன் இருட்டு பச்சையாக வந்தது, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி. சரி, டியூப்லைட் கோளாறு என்று வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறமாக இருந்தது.

எட்டு மாதமாக நீ எனக்கு எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தின் கடைசி வரியில் 'அப்பா பிரஷர் மாத்திரை போடுகிறாரா' என்று இருக்கும். அந்த வரி வரும்வரை அம்மா படித்துக் காட்டுவாள், நான் செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருப்பேன். நீ புனே வண்டி ஏறின அன்றைக்கு "போறவ போ" என்று சொன்னேனே, அதைச் சொன்ன வாய்க்குத்தான் இப்போது மை பூசியாகிவிட்டது. போதுமா?

மாத்திரை போடுகிறேன்.

அப்பா


புனே
15 பிப்ரவரி 1999

அப்பாவுக்கு,

சி.டி.யை உங்களிடம் கொடுக்கச் சொல்லி நான் வர்ஷினியிடம் சொல்லவில்லை. வாங்கிவிட்டீர்கள். திருப்பிக் கேட்டால் அம்மா வருத்தப்படுவாள். அதனால் செய்யுங்கள். இங்கே நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் பம்ப் செட்டும் பால் பேரிங்கும்தான் படம் எடுக்கிறோம். இருட்டறையில் சொந்த வேலைக்கு இடம் தரமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சில விஷயங்கள். கலர் மைகளைக் கலந்து கறுப்பு உண்டாக்கினால் பச்சையும் ஊதாவும் வரத்தான் செய்யும். கறுப்பு மை மட்டும் போதும் என்று மிஷினுக்குச் சொல்ல வழி இருக்கும், தேடிப் பாருங்கள். எனக்குக் கறுப்பு கறுப்பாக வர வேண்டும், கழுவிக் காயவைத்த சிலேட் மாதிரி வரக்கூடாது. ஆனால் கறுப்புக்குள் இருக்கிற ஆட்கள் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் கறுப்புத் தாளை வாங்கி மாட்டிவிடலாம்.

ஆறாவது படத்துக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் வீட்டுக் கூடம். அம்மா மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு வருகிறாள். பின்னால் இருட்டில், ஃபோன் ஸ்டூல் பக்கத்தில் நீங்கள். தொண்ணூற்றேழு ஜூன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பம்பாய்ப் பத்திரிகைக்காரர்கள் என் படங்களைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் கூப்பிடுகிறோம், நீயே எடுத்துப் பதில் சொன்னால் வேலை உனக்கு என்று சொல்லியிருந்தார்கள். கரண்ட் போனாலும் ஃபோன் வேலை செய்யுமே என்று காத்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் கேமராவை ஜன்னலில் வைத்து எடுத்த படம் அது. அந்த வெளிச்சத்துக்கு ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. நீங்கள் அசையவே இல்லை.

ஃபோன் வரவில்லை. மறுநாள் நானே பேசினேன், வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். என் படங்கள் மறுபடி பார்க்கும்போது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து யாராவது 'கூப்பிடுகிறேன்' என்றால் அவர்களை நான் மறந்துவிடுவது வழக்கம்.

ஆனால் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பம்பாய் போகக்கூடாது என்று வாரம் பூராவும் கத்தின மனுஷர், அன்றைக்கு எனக்காக ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதில் நீங்கள் தெரிய வேண்டும்.

மணிமொழி


மயிலாப்பூர்
24 பிப்ரவரி 1999

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்தது. 'நீங்கள்', 'நீங்கள்' என்று இருந்ததால் முதலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறது என்று நினைத்து, பிரீமியம் கட்டினோமா என்று அம்மாவைக் கேட்டேன்.

நீ சொன்னபடி கறுப்பு மை மட்டும் என்கிற கட்டத்தைக் கண்டுபிடித்துத் தட்டினேன். பச்சை போயே போய்விட்டது. ஆனால் சாதாரணத் தாள் மையைக் குடித்துவிட்டுச் சாம்பலாக நிற்கிறது. பளபளத் தாளில் மை மேலேயே நிற்கிறது, கை பட்டால் மீன்காரம்மாவுக்கு மீசை வருகிறது. கடைசியில் ஷரீஃப் பாய் பரண்மேலிருந்து ஒரு கட்டு இறக்கினார். பளபளப்பு இல்லாமல், மாவு பூசின மாதிரி ஒரு தாள். "யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. நீங்கதான் கிறுக்குப் புடிச்சு அலையுறீங்களே, எடுத்துக்கங்க" என்றார். அதில் போட்டு, ஒரு நாள் காய விட்டுப் பார்த்தேன். மணி, கறுப்பு என்றால் அது கறுப்பு. அதற்குள் கையை விடலாம் போல இருக்கிறது.

பேராசை வந்துவிட்டது. ஒரு தடவைக்கே இவ்வளவு என்றால் அதே தாளை மறுபடி உள்ளே விட்டால் இன்னும் கறுக்குமே என்று விட்டேன். தாள் ஒரு நூல் நகர்ந்துவிட்டது. மீன்காரம்மாவுக்கு நாலு கண், ரெண்டு மூக்குத்தி. அம்மா பார்த்துவிட்டு, "உங்க கண்ணுக்குப் பொம்பளைங்க இப்டித்தான் தெரியுறாங்களா?" என்றாள். அந்த யோசனையைக் கைவிட்டேன்.

ஆறு படமும் இத்துடன் பார்சலில் வருகிறது. ஆறாவதில் மட்டும் கறுப்பைக் கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கிறேன். ஸ்கிரீனில் பெரிசாக்கிப் பார்த்தேன். நான் ஓட்டை பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். அடையாறில் பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்க்கிற இடத்தில் என் தொப்பையும் பனியன் ஓட்டையும் எதற்கு? அம்மா முகம் நன்றாக வந்திருக்கிறது. படத்துக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது.

அப்பா


புனே
5 மார்ச் 1999

அப்பா,

பார்சலை ஸ்டூடியோவிலேயே பிரித்தேன். என் முதலாளி மீன்காரம்மா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இது எந்த லேபில் போட்டது என்று கேட்டார். 'எங்க அப்பா லேப்' என்றேன். பாண்டி பஜாரில் பெரிய கடையா என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றேன். பொய் இல்லையே.

அஞ்சு படம் நான் நினைச்சதுக்கு மேலேயே வந்திருக்கு. நீ இவ்வளவு பொறுமையா ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. (இன்ஷூரன்ஸ் ஆபீஸை மூடியாச்சு. சந்தோஷமா?)

ஆறாவது படம் சரியில்லை. அம்மாவும் மெழுகுவர்த்தியும் இருக்காங்க, பின்னாடி தார் ஊத்தின மாதிரி இருக்கு. நீ எங்கே? நெகட்டிவ்வில் நீ இருக்கே. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன், தபால்தலை அளவு சின்னப் படத்தில்கூட உன் முகம் தெரியுது. மடியில் கை, கைக்குப் பக்கத்தில் ஸ்டூல், அதன் மேலே வெள்ளையா ஏதோ துணி. இவ்வளவும் இருக்கிற இடத்தில் நீ கறுப்பைக் கொட்டி மூடிட்டே. பனியன் ஓட்டையை யாரும் பார்க்க மாட்டாங்க. பார்த்தால் பார்க்கட்டும். திரும்பப் போட்டுக் கொடு.

இன்னொரு சேதி. வர்ஷினி சொல்லி ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து எழுதியிருக்காங்க, டெல்லி. பத்துப் படம் அனுப்பு, பார்த்துட்டுக் கூப்பிடுறோம் என்று. நான் அனுப்பப் போறதில்லை. அவங்க கூப்பிட மாட்டாங்க, எனக்குத் தெரியும். ஒரு தடவை ஃபோனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தது போதும். பம்ப் செட் என்னைப் பிடிக்கலைன்னு சொல்லாது. அதனால் பம்ப் செட்டே நல்லது.

மணி


மயிலாப்பூர்
13 மார்ச் 1999

அன்புள்ள மணி,

நீ டெல்லிக்குப் படம் அனுப்பு. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், அப்புறம் கதை பேசிப் பேசி விட்டுப்போய்விடும்.

உனக்குத் திறமை இல்லை என்று எவன் சொன்னான்? அன்றைக்கு ஃபோன் வரவில்லை என்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். லைன் கிடைக்காமல் இருந்திருக்கும். அவர்கள் கூப்பிட்டு எங்கேஜ்டாக இருந்திருக்கும். தொண்ணூற்றேழில் மயிலாப்பூர் ஃபோன் எப்படி இருந்தது, மழை பெய்தால் நம் நம்பருக்குச் சவரக்கடைக்கு வர வேண்டிய ஃபோன் எல்லாம் வரும். அதை வைத்து நீ உன்னை மட்டமாக நினைப்பது நன்றாக இல்லை.

ஆறாவது படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். வரவில்லை. இந்த மிஷினுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது போலிருக்கிறது. இருட்டைக் கொஞ்சம் தூக்கினால் எல்லாம் சாம்பலாகிறது. கார்ட்ரிட்ஜும் தீருகிற நிலைமை. ஸ்டூல் மேலே இருக்கிற துணி, அம்மா ஃபோனுக்குத் தூசி படக்கூடாது என்று போட்டது. முக்கியமில்லை.

என்னைக் கேட்டால் அஞ்சு படமே போதும். ஆறாவதை எடுத்துவிடேன். வீட்டுக் கூடத்தையெல்லாம் எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும்?

ஷரீஃப் பாய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ரகுபதி, இவ்ளோ மை வாரி ஊத்தியும் இது கறுப்பா தெரியலயே, சும்மா ஓட்டை மாதிரி கீது" என்றார். மீன்காரம்மா படத்தைப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே மை, அதே தாள். அதில் படகு விளிம்பு, வலை, கூடை எல்லாம் இருட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற கறுப்பு கிணறு மாதிரி ஆழமாக இருக்கிறது. ஆறாவதில் கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "நீங்களே கண்டுபுடிங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

டெல்லிக்குப் படம் அனுப்பு. மறக்காதே.

அப்பா


புனே
21 மார்ச் 1999

அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேனே, மீட்டர் ஓட ஓட நீ தாளைப் பத்தியும் மையைப் பத்தியும் மட்டுமே பேசினே. நடுவில் ரெண்டு தடவை "மணி, ஒரு விஷயம்" என்றே. நானும் "சொல்லு" என்றேன். ரெண்டு தடவையும் கார்ட்ரிட்ஜ் விலையைச் சொன்னே. உடம்பு சரியில்லையா? பிரஷர் அதிகமா? அம்மாவைக் கேட்டால் "உங்க அப்பா வாயாலயே கேளு" என்கிறாள். அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள்?

ஆறாவதை எடுக்க மாட்டேன். மிஷினில் வராவிட்டால் பரவாயில்லை. தார் படத்தையே மாட்டிவிடுகிறேன். நீ எனக்காக இவ்வளவு நாள் அலைஞ்சதே பெரிசு. நீ அதில் தெரியாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சின்ன அட்டையில் நாலு வார்த்தை வேண்டும். அஞ்சுக்கு எழுதிட்டேன். எல்லாம் ஒரே மாதிரி, எங்கே, எப்போ, யார் என்ன செய்கிறார், அவ்வளவுதான். உதாரணத்துக்கு:

'நொச்சிக்குப்பம், பிப்ரவரி 1998. மின்சாரம் இல்லை. மீன் விலை சொல்பவர், கன்னியம்மாள்.'

'அடையாறு பஸ் நிலையம், ஆகஸ்ட் 1997. மின்சாரம் இல்லை. பஸ் எண்ணைத் தடவிப் பார்ப்பவர், பயணி.'

ஆறாவதுக்கு நீ எழுது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் என்னோடு காத்திருந்தது நீதான். கண்காட்சி ஏப்ரல் பத்தாம் தேதி. ஒன்பதாம் தேதி காலையில் வந்துவிடுவேன். வீட்டுக்குத்தான் வருவேன்.

டெல்லிக்கு அனுப்பலை. கேட்காதே.

மணி


மயிலாப்பூர்
29 மார்ச் 1999

அன்புள்ள மணி,

ஆறாவது படம் இத்துடன் இருக்கிறது. புதிதாகப் போட்டது. கவருக்குள் ரெண்டு பக்கமும் அட்டை வைத்திருக்கிறேன், மடக்காமல் பிரி.

மிஷின் மேல் பழி போட்டேன். மிஷின் நல்ல மிஷின். இத்தனை நாளும் அது நான் சொன்னதைத்தான் செய்தது.

அம்மா அப்படிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. நீ கூப்பிடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தாள். ஸ்கிரீனில் ஆறாவது படத்தை வைத்திருந்தேன். வெளிச்சத்தைக் கூட்டி, இன்னும் எங்கெங்கே கறுப்பு போட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அது உங்க துண்டு தானே?" என்றாள்.

"ஆமா."

"உங்க துண்டு இன்னாத்துக்கு நம்ம ஃபோன் மேல கீது?"

அம்மா குனிந்து கிட்டப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து ஃபோனின் சுருள் வயர் துண்டுக்கு அடியில் போகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சம் அதன் ஒவ்வொரு வளையத்திலும் பட்டிருக்கிறது. நீ ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தாயே, எல்லாம் விழுந்திருக்கிறது. எனக்கே அன்றைக்கு அந்த இருட்டில் அவ்வளவு தெரியவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி, சண்டையாக்கி, சாயங்காலம் அல்வா வாங்கிக்கொண்டு போய் முடித்திருப்பேன். சாப்பாட்டுக் கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு, "அவ ரெண்டு வருஷமா தன்னைத்தானே திட்டிக்கினு கீறா" என்று மட்டும் சொன்னாள். போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ரெண்டு தடவை ஆரம்பித்தேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. கையில் இருந்தது அதே ரிசீவர்.

சரி, படத்தைச் சொல்கிறேன். ஷரீஃப் பாய் சொன்னதுதான். கறுப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் குறைந்த கறுப்பு வேண்டும். கதவுக்குப் பின்னால் இருக்கிற மூலையை மட்டும் முழுக் கறுப்பாக விட்டேன். மற்ற இடத்தில் இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். முதலில் என் முழங்கால் வந்தது, அப்புறம் பனியன், ஓட்டையோடு. அப்புறம் முகம். ஸ்டூல், துண்டு, வயர். ஒவ்வொன்றும் வர வர அந்த மூலை இன்னும் இன்னும் ஆழமாகப் போயிற்று. ஒரு சொட்டு மை கூட அதிகம் போடவில்லை. உன் ஆறு படத்தில் இதுதான் கறுப்பு. ஷரீஃப் பாய் ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப வந்துடுச்சு ரகுபதி" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஜோக் அடிக்கவில்லை.

ஒன்பதாம் தேதி நீ வீட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாய். இந்தக் கவரைப் பிரித்த பிறகு வராவிட்டால் நான் கேட்க மாட்டேன். பத்தாம் தேதி அடையாறுக்கு வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டுப் போவேன். பனியன் இல்லை, சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன்.

டெல்லிக்குப் படங்களை அனுப்பு. பம்பாய்க்காரர்களுக்கு உன் படங்கள் பிடிக்காமல் போகவில்லை.

அட்டையில் போடச் சொன்ன வரியையும் எழுதிவிட்டேன். நீ கொடுத்த மாதிரியிலேயே இருக்கிறது, எழுத்துக்கூட மற்ற அஞ்சுக்கும் போடுகிற அதே அளவு. பிழை இருந்தால் திருத்து. பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

'மயிலாப்பூர், ஜூன் 1997. மின்சாரம் இல்லை. ஃபோன் வேலை செய்கிறது. ரிசீவரை எடுத்துத் துண்டுக்கு அடியில் வைத்திருப்பவர், பெண்ணின் அப்பா.'